வீடு தேடி வந்த ஓட்டு

பவானிபூர்,
28 ஏப்ரல் 2024

மாப்பிள்ளை உத்தமன் படிக்க வேண்டியது.

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும். மன்னித்துக்கொள்ளும். கோடு போட்ட காகிதம்தான், கை கோட்டில் நிற்க மறுக்கிறது. இது வரைக்கும் எழுத, காலைக் காப்பியிலிருந்து குளிக்கப் போகும் நேரம் ஆகிவிட்டது.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். வேறு யாரும் கை பிடிக்கவில்லை. போன துர்கா பூஜைக்குப் பிறகு நாகலக்ஷ்மி டீச்சரிடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்க் கற்றுக்கொண்டேன். லேக் மார்க்கெட் கடையில் நாற்பது வருஷம் அப்பள பாக்கெட் விற்றேன் அல்லவா? அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "ஈரம் படாத இடத்தில் வைக்கவும்." நான் நாற்பது வருஷமும் ஈரத் தரையில்தான் அடுக்கினேன். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

உம் பேத்தி கல்யாணத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. "மூத்தவர் முதலில் வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றதும், ஓட்டர் கார்டைத் தூக்கிக் காட்டி, "கார்டுப்படி எனக்கு எண்பத்தேழு, மச்சானுக்கு எண்பத்தாறுதான்" என்று எனக்கு முன்னால் மேடை ஏறினீர். நீர் நடை பழகியபோது நான் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தேன். கார்டு எழுத வந்தவனிடம் நீர் வாய்க்கு வந்த வயதைச் சொன்னது என் தங்கை சுப்பம்மாளுக்கும் தெரியும். அதனால்தான் போனில் பேசுவதில்லை. கடிதத்தில் பேசலாம். கடிதத்தில் நீர் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் ஒன்றாம் தேதி எங்கள் பக்கம் ஓட்டு. எல்லாம் திட்டம் போட்டுவிட்டேன். ஐந்து மணிக்குக் குளியல். சலவை வேஷ்டி. ஆறரைக்கு மருமகள் வித்யாலட்சுமியோடு பள்ளிக்கூடத்துக்கு நடை. ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போது வரிசையில் முதல் பத்து பேருக்குள் நிற்பேன். உள்ளே ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். இத்தனை தேர்தலிலும் என்னைப் பார்த்ததும் மைப் பெட்டியைத் திறந்து கட்டை விரலைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த முறை நான் கையை இழுத்துக்கொண்டு பேனாவை வாங்குவேன். தினம் இருபது தடவை எழுதிப் பார்க்கிறேன். தெருவில் இருக்கிற அத்தனை பேரும் பின்னால் நின்று பார்ப்பார்கள்.

நீர் பார்க்க முடியாது. அதுதான் குறை.

பெத்துராஜ்


ஹவுரா,
4 மே 2024

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு உத்தமன் வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் தங்கை அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் முறை அழுதாள். பிறகு வாங்கி மடித்துத் தன் மருந்து டப்பாவில் வைத்துக்கொண்டாள். வேலை தேடி இங்கே வந்த புதிதில் ஊரிலிருந்த அவளுக்கு நான் வாரம் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, போஸ்ட்மேன் படித்துக் காட்டுவார். அந்தக் கடிதங்கள் எங்கே என்று இன்று கேட்டேன். "அடுப்பு பத்த வெச்சிருப்பேன்" என்றாள். இதைச் சும்மா சொல்லி வைக்கிறேன்.

தங்கள் திட்டம் நன்றாக இருக்கிறது. வெயிலில் நிற்க வேண்டும், ஜாக்கிரதை. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எண்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு சர்க்கார் இப்போது வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குகிறது. போன வாரம் ஓட்டர் லிஸ்ட் பார்க்கிற அம்மா வந்து ஒரு ஃபாரம் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டேன். (நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால் எனக்கு ஒரு நொடிதான் ஆகும்.) இன்னும் பத்து நாளில் இரண்டு ஆபீசர்கள், ஒரு போலீஸ், வீடியோ எடுக்கிற ஆள், எல்லாரும் என் வாசலுக்கு வருகிறார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

நேற்று எதிர்வீட்டு வங்காளி அம்மாள், "உங்களுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை தாதூ?" என்று கேட்டாள். இங்கே தாத்தாவை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். "மூத்தவன் அம்மா நான்" என்று சொன்னேன்.

தங்களுக்கும் ஃபாரம் வரும். ஆனால் தங்களுக்கு வரிசையில் நிற்கத்தான் பிரியம் போலிருக்கிறது.

உத்தமன்


பவானிபூர்,
10 மே 2024

மாப்பிள்ளை,

உம் கடிதத்தை நானே படித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. "மூத்தவன்" என்ற இடம் வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு முன்னால் மேடை ஏறினது பத்தாதா? இப்போது போலீஸும் வீடியோவும் வேறா? எல்லாரும் உம் வாசலில் வந்து நிற்கிறார்கள், நான் வரிசையில் எவன் முதுகையோ பார்த்து நிற்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நேற்று எங்கள் தெருவுக்கும் அந்த அம்மா வந்தாள். வித்யா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா ஃபாரத்தை நீட்டி வங்காளத்தில் ஏதோ நீளமாகச் சொன்னாள். பாதி புரிந்தது. "வீட்டுக்கு வருவாங்களா?" என்று கேட்டேன். "வருவாங்க" என்றாள். "போலீஸ்?" "வரும்." "வீடியோ?" சிரித்தாள். "அதுவும் வரும் தாதூ." மைப் பெட்டியைப் பையிலிருந்து எடுக்கப் போனாள். நான் பேனா கேட்டேன்.

மாப்பிள்ளை, என் வாழ்நாளில் சர்க்கார் காகிதத்தில் போட்ட முதல் கையெழுத்து அது. "ஜ்" கொஞ்சம் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பாஷை?" என்று கேட்டாள். "தமிழ்" என்றேன். அவள் தன் நோட்டிலும் ஒரு டிக் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கும் இரண்டு ஆபீசர்கள் வருகிறார்கள். உமக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி எழுதும். குறைவாக வந்தால் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

பெத்துராஜ்


ஹவுரா,
16 மே 2024

அன்புள்ள மச்சான்,

ஐந்து பேர். டிரைவரைச் சேர்த்தால் ஆறு.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். தெருவே வாசலில் நின்றது. எதிர்வீட்டு அம்மாள் பெண் பார்க்க வந்திருக்கிறார்களா என்று கேட்டாளாம். மேஜைமேல் அட்டைத் தடுப்பு ஒன்றை நிறுத்தி, அதற்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள். பெரிய ஆபீசர் எல்லாரையும் திரும்பி நிற்கச் சொன்னார். தங்கள் தங்கையையும் சேர்த்து. அறுபது வருஷத்தில் அவள் எனக்கு முதுகு காட்டி நின்றது அன்றுதான். சீட்டில் டிக் போட்டு, மடித்து, சின்ன உறைக்குள் வைத்து, அதைப் பெரிய உறைக்குள் வைத்து, ஒட்டிக் கொடுத்தேன். டீ கொடுத்தோம். தொடவில்லை, சட்டமாம். உப்புப் பலகாரம் நிம்கி கொடுத்தோம். அதையும் பார்த்துக்கொண்டே போய்விட்டார்கள்.

சுப்பம்மாளுக்கு எண்பதுதான் ஆகிறது. அதனால் அவள் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்த்தான் போட வேண்டும். பாவம்.

தங்களுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதவும்.

உத்தமன்


பவானிபூர்,
21 மே 2024

மாப்பிள்ளை,

நான் மோசம் போய்விட்டேன்.

அந்த அம்மா என்னிடம் விட்டுப்போன ஃபாரத்தின் நகலை நேற்றுத்தான் வித்யாவிடம் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, வங்காளமும் இங்கிலீஷும் கடகடவென்று படிப்பாள். படித்துவிட்டு, "மாமா, இதுல சைன் பண்ணிட்டா அப்புறம் பூத்துக்குப் போக முடியாதே! தெரியாதா உங்களுக்கு?" என்றாள்.

"அது எங்க எழுதியிருக்கு?"

"இங்க."

அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். எனக்கு அது கோலம் மாதிரி இருந்தது. ஏழு மாதம் படித்து என்ன பிரயோஜனம் மாப்பிள்ளை? என் கையெழுத்துக்கு நேர் மேலே எழுதியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் வரிசை இல்லை. நோட்டு இல்லை. தெரு ஜனங்கள் பின்னால் நிற்க, நான் பேனா கேட்பது இல்லை. எல்லாம் உம்மால். நீர் "நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்" என்று எழுதாமல் இருந்தால் நான் ஏன் அந்தக் காகிதத்தைத் தொடப் போகிறேன்?

ஆனால் நான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். இன்று காலை அந்த ஆபீசர்கள் வந்தார்கள். மாடியிலிருந்து ஜீப்பைப் பார்த்ததும் பின் படி வழியாக இறங்கி லேக் மார்க்கெட் போய்விட்டேன். கடையில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். வித்யா அவர்களிடம் என்ன சொன்னாளோ, என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருபத்தொன்பதாம் தேதி இன்னொரு முறை வருவார்களாம். அதுதான் கடைசியாம். அன்றும் இருக்க மாட்டேன். வீட்டில் ஓட்டு வாங்கவில்லை என்றால் பள்ளிக்கூடத்தில் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? என் ஓட்டு எங்கே போய்விடும்?

"ரெண்டு ஓட்டும் போயிடும் மாமா" என்கிறாள் வித்யா. அவளுக்கு என்ன தெரியும்? ஜூன் ஒன்றாம் தேதி நான் வரிசையில் நிற்பேன்.

பெத்துராஜ்


ஹவுரா,
27 மே 2024

மச்சான்,

இதைத் தபாலில் போட நேரம் இல்லை. நேற்று ராத்திரியிலிருந்து புயல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். நாளைக்கு வடிந்ததும் சுப்பம்மாள் மெட்ரோவில் கொண்டு வருவாள். நேற்றும் இன்றும் ஏழு தடவை போன் செய்தேன். நீங்கள் காதில் வாங்க மாட்டேன் என்கிறீர்களாம். வித்யா அழாத குறை. நான்தான் உங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகவிடாமல் பொறாமையில் கதை கட்டுகிறேன் என்று சொன்னீர்களாம்.

பொறாமை உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மருமகள் சொல்வது நிஜம். நாளை மறுநாள் வீட்டில் இருங்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். சுப்பம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, வித்யாவுக்குத் தமிழ் எழுத்து வராது. உங்களால் மட்டும்தான் படிக்க முடியும். போன வருஷமாக இருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். யாரோ உங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியிருப்பார்கள்.

இருபதாம் தேதி காலையில் சுப்பம்மாள் ஆறு மணிக்கே குளித்துப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மாளும் இன்னும் மூன்று பேரும் அவளைக் கூப்பிட வந்தார்கள். வாசலில் ஒரே சிரிப்பு. "நீங்க தூங்குங்க, உங்க வேலதான் முடிஞ்சுட்டே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வீடு பிடிக்கவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து நானும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். துணைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அங்கே போனதும் கால் தானாக ஆம்பிளை வரிசையில் போய் நின்றுவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்! முக்கால் மணி நேரம் நின்றேன். என் முறை வந்தபோது கை தானாகக் கார்டை நீட்டியது. இன்னொரு ஓட்டுப் போட வேண்டும் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. ஒன்றுமே நினைக்கவில்லை, அதுதான் நடந்தது. ஆபீசர் லிஸ்டில் விரலை ஓட்டினான். என் பேருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு எழுத்து இருந்தது. தபால் ஓட்டு என்று அர்த்தம். "உங்க ஓட்டு முடிஞ்சுது தாதூ" என்றான் வங்காளத்தில். "இந்தக் குறி இருந்தா போட்டிருந்தாலும் போடாட்டாலும் இங்க கிடையாது."

பின்னால் ஒருவன், "தாதூவுக்கு ரெண்டு ஓட்டு வேணுமாம்" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. துப்பாக்கி வைத்திருந்த பையன் என் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டான். மரியாதையாகத்தான் பிடித்தான். அதுதான் இன்னும் தாங்கவில்லை.

சாக்கடைப் பாலத்துமேல் உட்கார்ந்திருந்தேன். சுப்பம்மாள் விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள். "நீங்க எங்க இங்க? ஏன் வெளிய உக்காந்திருக்கிய?" என்றாள். "உள்ள புழுக்கம்" என்றேன். அவர்கள் ஐந்து பேரும் சிங்காடா, அதான் இங்கத்து சமோசா, வாங்கித் தின்றார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

வீட்டுக்கு ஐந்து பேர் வந்தார்கள் என்று எழுதினேனே, அவர்கள் பன்னிரண்டு நிமிஷத்தில் போய்விட்டார்கள். அதை எழுதவில்லை.

உங்கள் பேருக்குப் பக்கத்திலும் இந்நேரம் அந்தச் சிவப்பு மை ஏறியிருக்கும். புதன்கிழமை வீட்டில் இருங்கள் மச்சான். இல்லையென்றால் பேனா பிடித்த வருஷத்திலேயே ஓட்டு இல்லாமல் போய்விடும்.

உத்தமன்


பவானிபூர்,
3 ஜூன் 2024

மாப்பிள்ளை,

சுப்பம்மாள் கொண்டுவந்த உறையை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். கொடியில் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. சில இடத்தில் மை கரைந்திருந்தது, மறுபடி மறுபடி பார்த்துப் படித்தேன். கீழே வந்ததும் அவள் என்னை விடவில்லை.

"என்ன எழுதியிருக்காரு?"

"மழையாம்."

"நாலு பக்கத்துக்கா மழ?"

"பெரிய மழ தாயி" என்றேன். நம்பவில்லை. ஆனால் அதற்கு மேல் கேட்கவும் இல்லை.

உம்மை எனக்கு அறுபது வருஷமாகத் தெரியும். நீர் சொல்கிற எந்தக் கதையிலும் நீர் தோற்று நான் கேட்டதில்லை. ஒரு கதையில் உம்மை முழங்கையைப் பிடித்து வெளியே விடுகிறார்கள் என்றால் அது நிஜமாகத்தான் இருக்க வேண்டும். புதன்கிழமை விடிந்ததிலிருந்து நாற்காலியைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. கக்கூஸுக்குக்கூட வித்யாவை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் போனேன்.

நாலு பேர் வந்தார்கள். எண்ணினேன். டிரைவர் கீழேயே இருந்துவிட்டான். உமக்கு ஐந்து. இருக்கட்டும்.

ஆபீசர் சின்ன வயசுக்காரர், வியர்த்துக்கொட்டியது. இன்னும் ஒன்பது வீடு பாக்கி என்றார். ஒரு காகிதத்தில் நான்தான் இந்த ஆள் என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் என்னைப் பார்த்தார், மைப் பெட்டியைத் திறந்தார். நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். வித்யாதான், "மாமா எழுதுவார்" என்றாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை.

எழுதினேன். முதல் எழுத்துக்கே வெகுநேரம் ஆனது. போலீஸ்காரர் வாட்சைப் பார்த்தார். வீடியோ எடுக்கிறவன் கையை மாற்றிக்கொண்டான். ஆபீசர் மட்டும் காகிதம் நகராமல் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர், "எங்க அப்பாவும் விரல்தான் வைப்பாரு" என்றார். மைப் பெட்டியை மூடிப் பைக்குள் போட்டார். பிறகு எல்லாரும் திரும்பி நின்றார்கள். நான் அட்டைக்குப் பின்னால் என் வேலையை முடித்தேன். யாருக்குப் போட்டேன் என்று நீர் கேட்கக் கூடாது. நீர் சுப்பம்மாளிடம் உளறிவிட்டீராம். அவள் வித்யாவிடம் சொல்லிவிட்டாள்.

அதோடு மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. சனிக்கிழமை வித்யா மட்டும் கிளம்பும்போது என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. உம் கடிதத்தைப் படித்த பிறகும் நான் போனேன் பாரும்! கார்டை மட்டும் வேண்டுமென்றே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம், பூட்டிக் கிடந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்தேன். வரிசையில் யார் யார் எத்தனையாவது ஆள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் மீசைக்காரன் ஒருவன் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் நீர் வந்தீர். வரப்போவதாக ஒரு வார்த்தை எழுதவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு முகத்தோடு முகம் பார்ப்பது அன்றுதான். நீர் சொன்ன முதல் வார்த்தையே, "தள்ளி உக்காருங்க மச்சான், எனக்கும் நெழலு வேணும்" என்பது. நானும் தள்ளித்தான் உட்கார்ந்தேன். கல்யாணத்தைப் பற்றி நீர் பேசவில்லை, நானும் பேசவில்லை. உம் கடிதத்தைப் பற்றியும் பேசவில்லை. அதற்கு இப்போது பதில் எழுதுகிறேன்: யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். காகிதத்தை ட்ரங்குப் பெட்டியில் என் சாவியில் பூட்டியிருக்கிறேன்.

அந்தக் கிழவரை நினைவிருக்கிறதா? இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, கோலை ஊன்றிக்கொண்டு வரிசையில் வந்தாரே. நீர்தான் எழுந்து போய் அவர் பேரனிடம் விசாரித்துவிட்டு வந்தீர். "தொண்ணூத்தொண்ணு வயசாம் மச்சான்! ஃபாரம் குடுத்தாங்களாம். கிழிச்சு எறிஞ்சுட்டாராம்!" என்று சொல்லும்போது உம் குரலே மாறிவிட்டது. போலீஸ்காரர்கள் அவருக்கு வழிவிட்டார்கள். வரிசையே ஒதுங்கியது. அவர் உள்ளே போய் வெளியே வரும்வரை நாம் இருவரும் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்து விரலை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டார். "பெரிய இவன்" என்றீர் நீர். "ஆமா, பெரிய மணிக்கூண்டு" என்றேன் நான். இவ்வளவு காலமும் உம்மேல்தான் எனக்கு வயிற்றெரிச்சல். அன்று நாம் இருவரும் சேர்ந்து ஒரே ஆளைப் பார்த்து வயிறெரிந்தோம். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் நீர் சிரிப்பீர்.

அடுத்த பெரிய தேர்தல் ஐந்து வருஷம் கழித்து. ஃபாரம் வந்தால் கிழிக்க வேண்டாம், சர்க்கார் காகிதம். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுவோம். நீர் உம் பள்ளிக்கூடத்தில், நான் என் பள்ளிக்கூடத்தில். உயிரோடு இருந்தால் என்று வித்யா சொல்கிறாள். இதில் என்ன "இருந்தால்"? திட்டம் என்றால் திட்டம்தான்.

இப்போது ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஓட்டு எண்ணுகிறார்கள். எங்கள் வீட்டில் டிவியைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வித்யா அவள் போனில் பார்த்துக்கொள்ளட்டும், என் எதிரில் முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். லேக் மார்க்கெட்டுக்குத் தமிழ்ப் பேப்பர் இரண்டு நாள் தாமதமாக வரும். வெள்ளிக்கிழமை போய் வாங்கி, தலைப்பை நானே படிக்கப் போகிறேன். அதுவரை எனக்கு ஒன்றும் தெரியக் கூடாது. நீர் போன் செய்யக் கூடாது. சுப்பம்மாளையும் அனுப்பக் கூடாது. உமக்கு யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்தாலும் தெரியாத மாதிரி இரும். உம்மால் முடியாதுதான், ஆனாலும் முயற்சி செய்யும்.

பேப்பர் முழுக்கப் படித்து முடிக்க எனக்கு நாலைந்து நாள் ஆகும். அடுத்த வாரம் எழுதுகிறேன், யார் ஜெயித்தார்கள் என்று.

பெத்துராஜ்